பார்லரில் இருப்பது மூன்று பேர். சட்டம் எண்ணத் தொடங்குவது பத்திலிருந்து!

திருவண்ணாமலையில் செவ்வாய்க்கிழமை ஆண்கள் சலூனுக்குப் போனால் ஷட்டர் மூடியிருக்கும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இதே வழக்கம்தான். வாரம் ஒரு நாள் லீவு. மற்ற நாளில் உள்ளே போனால், சங்கம் அச்சடித்த கட்டணப் பட்டியல் பல கடைகளில் சுவரில் தொங்கும். கட்டிங் இவ்வளவு, ஷேவிங் இவ்வளவு. பெரிதாக யாரும் பேரம் பேசுவதில்லை.

அதே தெருவில் நாலு கடை தள்ளி இருக்கும் பியூட்டி பார்லர் செவ்வாயும் திறந்திருக்கும், ஞாயிறும் திறந்திருக்கும். "புருவத்துக்கு அம்பது ரூபாயா? போன மாசம் நாப்பதுதானே வாங்குன?" என்ற பேரம் தினமும் நடக்கும். அங்கே சங்கம் இல்லை, பட்டியல் இல்லை, லீவும் இல்லை.

போளூர் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் 11 ஆண்டுகளாக அப்படியொரு பார்லரை நடத்துகிறேன். அதற்கு முன்பு ஐந்து ஆண்டுகள் இன்னொருவர் கடையில் வேலை பார்த்தேன். என்னிடம் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். என்னையும் சேர்த்தால் மூன்று பேர்.

சென்ற ஆண்டு அந்த இருவரில் ஒருத்தி ஏழாவது மாதத்தில் வேலையை விட்டு நின்றாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. போகும்போது, "அக்கா, குழந்தை பொறந்த பிறகு வந்தா மறுபடியும் சேர்த்துப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள். சம்பளத்தோடு லீவு உண்டா என்று கேட்கவில்லை. அப்படி ஒன்று தனக்குக் கிடைக்கலாம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. கையில் 3,000 ரூபாயும் ஒரு புடவையும் கொடுத்து அனுப்பினேன்.

அதன் பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்குச் சட்டத்தில் என்னதான் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

'பியூட்டி தெரபிஸ்ட்' என்பவர் யார்?

ஊரில் எங்களுக்குப் 'பார்லர்காரம்மா' என்று பெயர். கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் பியூட்டிஷியன். பயிற்சிச் சான்றிதழில் 'பியூட்டி தெரபிஸ்ட்' என்று இருக்கும். த்ரெடிங், வேக்ஸிங், ஃபேஷியல், ப்ளீச், மெனிக்யூர், பெடிக்யூர், மேக்கப் எல்லாம் இதில் அடக்கம்.

இது ஏதோ பொழுதுபோக்குக்குச் செய்யும் வேலை இல்லை. மத்திய அரசின் தேசியத் தொழில் வகைப்பாட்டில் அழகுக்கலைப் பணிக்கு 5142 என்ற எண்ணே இருக்கிறது. ஐ.டி.ஐ.களில் 'காஸ்மெட்டாலஜி' ஓராண்டுப் படிப்பு. திறன் பயிற்சித் திட்டங்களில் பெண்களுக்கு அதிகம் சொல்லித் தரப்படும் தொழில்களில் தையலுக்கு அடுத்து இதுதான் நினைவுக்கு வரும். ஆக, கற்றுக்கொடுக்கும் இடத்தில் அரசு இதைத் தொழில் என்கிறது. வேலைக்குப் போன பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று கேட்பதற்கு மட்டும் ஆள் இல்லை.

வீட்டிலும் அப்படித்தான். "சும்மா ரெண்டு பேருக்குப் புருவம் எடுத்துட்டு வர்றா" என்பார்கள். காலை 10 மணிக்குக் கடை திறந்தால் இரவு 8 மணி வரை நிற்கிறோம். த்ரெடிங்கின்போது கழுத்து குனிந்தே இருக்கும்; நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெடிக்யூருக்கு முதுகு வளையும். சிறிய கடைகள் பலவற்றில் கழிப்பறை இல்லை. காம்ப்ளக்ஸ் கழிப்பறைக்குச் சாவி வாங்க வேண்டும் என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். நானே இருந்திருக்கிறேன்.

முகூர்த்தம் பார்த்து வரும் வருமானம்

திருவண்ணாமலை பார்லரின் வருமானம் பஞ்சாங்கத்தைப் பொறுத்தது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்த நாளில் தூங்க நேரம் இருக்காது. அதிகாலை முகூர்த்தம் என்றால் இரவு 2 மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். ஆரணி, செங்கம், கலசபாக்கம், கீழ்பென்னாத்தூர் என்று போவோம். மணப்பெண்ணின் பட்டுப்புடவையை முன்னாடியே மடிப்பு எடுத்து, அயர்ன் செய்து, பெட்டி போல மடித்துக் கொடுப்பது இப்போது தனி வேலையாகவே வளர்ந்துவிட்டது. ஆரணிப் பட்டு விற்கும் மாவட்டம் இது. அந்த வகையில் எங்களுக்கும் கொஞ்சம் லாபம்.

ஆடி வந்தால் கல்யாணம் இல்லை. மார்கழியிலும் இல்லை. கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் ஊருக்குள் வருகிறார்கள். ஹோட்டலுக்கும் பூக்கடைக்கும் வியாபாரம். ஆனால் போக்குவரத்தை மாற்றிவிடுவதால், சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் எங்கள் வாடிக்கையாளர்கள் அந்த நாட்களில் எட்டிப் பார்ப்பதில்லை. பௌர்ணமி கிரிவலத்துக்கும் இதே கதை. 14 கிலோமீட்டர் பாதை முழுக்க ஜனம். பார்லரில் ஈ ஓட்டுவோம்.

அந்த மாதங்களில் வாடகை குறையாது. குறைவது வேலை செய்யும் பெண்ணின் சம்பளம்தான். ஆடி மாதம் பாதிச் சம்பளம் கொடுத்த முதலாளிகளில் நானும் ஒருத்தி. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் நியாயமாக இருக்காது.

அந்தப் 'பத்து' என்பது என்ன?

சட்டத்தைத் தேடிப் போனபோது, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே எண்தான் வந்து நின்றது: பத்து.

* இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு: 10 பேர் வேலை செய்யும் இடத்தில் கட்டாயம்.
* 26 வாரச் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு: கடைகளைப் பொறுத்தவரை 10 பேர் இருந்தால்.
* பணிக்கொடை: 10 பேர் இருந்தால்.
* பணியிடப் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழு: 10 பேர் இருந்தால்.
* வருங்கால வைப்புநிதி: இன்னும் ஒரு படி மேலே, 20 பேர் இருந்தால்.

29 பழைய சட்டங்களை இணைத்து உருவாக்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றிலும் இந்தப் பத்து அப்படியே இருக்கிறது. பணியிடப் பாதுகாப்புக்கான தொகுப்பும் பொதுவாகப் பத்துத் தொழிலாளர்களிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்த எல்லைக்கு ஒரு காரணம் உண்டு. சின்னக் கடைக்காரரால் பதிவேடும் பங்களிப்பும் தாங்க முடியாது என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால், மாட வீதியிலிருந்து வேட்டவலம் சாலை வரை நடந்து பாருங்கள். எத்தனை பார்லரில் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள்? இரண்டு, மூன்று, மிஞ்சிப்போனால் ஐந்து. ஒரு தொழிலே முழுக்க முழுக்கப் பத்துக்குக் கீழே இருந்தால், அந்த விதி யாருக்குச் சலுகை தருகிறது என்று யோசிக்க வேண்டும். கடைக்குத் தந்த சலுகையின் செலவை அதில் வேலை செய்யும் பெண் தன் உடம்பால் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

பத்துப் பேர் இல்லாவிட்டாலும் கிடைப்பவை

எல்லாமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எண்ணிக்கை பார்க்காத உரிமைகளும் இருக்கின்றன. அவைதான் எங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கின்றன.

முதலாவது, உட்காரும் உரிமை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டுச் சட்டம். 2021 செப்டம்பரில் அதில் 22-ஏ என்ற பிரிவைச் சட்டப்பேரவை சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரும்படி, ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் ஏற்ற இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. ஜவுளிக் கடைப் பெண்களை மனதில் வைத்துத்தான் எல்லோரும் அப்போது பேசினார்கள். ஆனால் பார்லரும் கடைதான். பிரிவில் பத்து என்ற எண் இல்லை.

பார்லரில் நாற்காலிக்குக் குறைவில்லை. கட்டிங் நாற்காலி, ஃபேஷியல் கட்டில், காத்திருப்பவர்களுக்கு சோஃபா. எல்லாம் வாடிக்கையாளருக்கு. கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் என் பெண்கள் சோஃபாவில் உட்காருவார்கள். கதவு திறந்ததும் எழுந்துவிடுவார்கள். "கஸ்டமர் வந்தா உட்கார்ந்திருக்கக் கூடாது" என்று சொல்லி வைத்தவள் நான்தான். எனக்கு என் பழைய முதலாளி அப்படித்தான் சொல்லித் தந்தார்.

உண்மையில் எங்கள் வேலையில் பாதியை உட்கார்ந்தே செய்யலாம். சக்கரம் வைத்த, உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல் இருந்தால் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து முழு ஃபேஷியலையும் முடிக்கலாம். மெனிக்யூர், மெஹந்தி, நகப்பூச்சு எதற்கும் நிற்கத் தேவையில்லை. என் கடையில் ஒரு ஃபேஷியல் 800 ரூபாய். மூன்று ஃபேஷியல் பணத்தில் ஒரு ஸ்டூல் வந்துவிடும். 11 ஆண்டுகள் அது எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது, குறைந்தபட்ச ஊதியம். முன்பு அரசு அறிவித்த தொழில்களின் பட்டியலில் இருந்தால்தான் இது பொருந்தும். இப்போது நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியத் தொகுப்பு, எல்லா வேலைக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்கிறது. மூன்று பேர் உள்ள பார்லருக்கும் உண்டு. 'இன்னும் கத்துக்கிட்டுதானே இருக்கா' என்று சொல்லி மாதக்கணக்கில் வெறும் பஸ் காசு கொடுத்து வேலை வாங்குவதற்கு இதில் இடம் இல்லை. அதேபோல வார விடுமுறையும் 1947ஆம் ஆண்டுச் சட்டம் கொடுக்கும் உரிமை. முதலாளி மனது வைத்துத் தருவதல்ல.

மூன்றாவது, புகார் செய்யும் இடம். பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் உள்ளகக் குழு இருக்காது. அதற்குப் பதிலாக, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர் புகார் குழு இருக்க வேண்டும். புகார் முதலாளி மீதே என்றாலும் அங்கே போகலாம். வேலைக்காகப் போகும் இன்னொருவர் வீடும், முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும்கூடச் சட்டத்தின் பார்வையில் பணியிடம்தான். இரவு 2 மணிக்கு மண்டபத்துக்குப் போகும் பெண்ணுக்கு இது முக்கியம். நம் மாவட்டத்தில் இதற்காகப் போய்க் கேட்க வேண்டிய இடம் வேங்கிக்காலில் உள்ள ஆட்சியர் அலுவலகம். அவசரம் என்றால் 181.

புகார் செய்யத் தயங்குவதற்கு ஒரு காரணம், எங்கள் தொழிலின் மேல் இருக்கும் சந்தேகப் பார்வை. 'மசாஜ்' என்று போர்டில் எழுதினாலே போதும், போன் செய்யும் ஆண்களின் பேச்சு மாறிவிடும். "நீ எதுக்கு அந்த மாதிரி இடத்துல வேலை செய்யற?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்களோ என்று பயம். தவறு நடக்கலாம் என்ற சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்பாக்களுக்குள் கேமரா வைப்பது உடல் சார்ந்த சுதந்திரத்தைப் பாதிக்கும் என்று 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. நீதிமன்றத்துக்குப் புரிந்தது தெருவுக்குப் புரிய இன்னும் நாள் ஆகும்போல.

கையில் படும் கெமிக்கல்

ப்ளீச்சில் அம்மோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் இருக்கும். முடியை நேராக்கும் க்ரீம்கள் சிலவற்றை அயர்னால் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி வரும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வாடிக்கையாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஆவியை சுவாசிக்கிறார். செய்துவிடும் பெண் ஏசிக்காகக் கதவைச் சாத்திய அறையில் வாரா வாரம் சுவாசிக்கிறாள்.

அடுத்தது 'வெள்ளையாக்கும்' க்ரீம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சில ஆண்டுகளுக்கு முன் சிறுநீரக மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். சிறுநீரில் புரதம் போகும் ஒரு வகைப் பாதிப்போடு வந்தவர்களில் பலர், சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். அந்த க்ரீம்களில் பாதரசம் இருந்தது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் பூசுவது தவிர்த்த மற்ற பொருட்களில் தவறுதலாகக் கலக்கும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

லேபிள் இல்லாத டப்பாவில் க்ரீம் வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணால் "இது வேணாம்க்கா" என்று சொல்ல முடியுமா? கையுறை கேட்டாலே "விலை தெரியுமா?" என்ற கேள்வி வரும் இடத்தில் அது சுலபம் இல்லை. அவளுக்குத் துணை நிற்க வேண்டிய பணியிடப் பாதுகாப்புச் சட்டம்தான் பத்துப் பேரிடம் போய் நின்றுகொண்டிருக்கிறதே.

"இதெல்லாம் கட்டுப்படியாகுமா?"

என்னைப் போன்ற சிறு முதலாளிகள் கேட்கும் கேள்வி இது. நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். மாதச் சம்பளம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் என் பங்கு 325 ரூபாய், அவள் பங்கு 75 ரூபாய். இரண்டு பெண்களுக்கும் சேர்த்து மாதம் 650 ரூபாய் நான் கட்ட வேண்டும். ஒரு ஃபேஷியலின் விலைகூட இல்லை. இதில் மருத்துவம் உண்டு, நோய்க்கால உதவித்தொகை உண்டு, தகுதிக்கான நாட்கள் பங்களிப்பு செலுத்தியிருந்தால் 26 வார மகப்பேறு சம்பளமும் உண்டு. அந்தச் சம்பளத்தைக் கொடுப்பது நான் அல்ல, இ.எஸ்.ஐ. கழகம். சின்னக் கடைக்காரர் பயப்பட வேண்டிய பெரிய செலவை இந்த 650 ரூபாய்தான் தாங்கிக்கொள்கிறது.

பத்துப் பேர் இல்லையே என்றால், அதற்கும் வழி இருக்கிறது. முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் சம்மதித்தால் சிறிய நிறுவனமும் விருப்பத்தின் பேரில் இ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்று புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு சொல்கிறது. இது தெரிந்திருந்தால் அந்தப் பெண்ணை 3,000 ரூபாயோடு அனுப்பியிருக்க மாட்டேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியாக அரசு 18,000 ரூபாய் மதிப்பில் உதவுகிறது. அது அவளுக்குக் கிடைத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் அது ஏழைத் தாய்க்கு அரசு தரும் உதவி. வேலை செய்த பெண்ணுக்கு அந்த வேலை தர வேண்டியது தனிக் கணக்கு.

என்ன செய்யலாம்?

அரசிடம் கேட்க வேண்டியது: விருப்பம் இருந்தால் சேரலாம் என்று ஏட்டில் இருந்தால் போதாது. ஒரு மாலை நேரம் முகாம் போட்டு, பார்லர் பெண்களைக் கூப்பிட்டு, அங்கேயே பதிந்து கொடுக்க வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவு 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது. 16 முதல் 59 வயது வரை இலவசமாகப் பதியலாம். பதிந்தால்தான் ஊரில் எத்தனை பேர் இந்த வேலையில் இருக்கிறோம் என்பதே கணக்கில் வரும். கடன் கொடுக்கும் இடத்தில் எங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்: 2025இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தின் தொழில் பட்டியலில் அழகுக்கலையும் உண்டு. அப்படிக் கடனோ மானியமோ வாங்கும் கடையிடம், "உன்னிடம் வேலை செய்பவருக்கு இருக்கை இருக்கிறதா, இ.எஸ்.ஐ. இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் என்ன?

நாங்கள் செய்ய வேண்டியது: ஒன்றுசேர்வது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் சின்னச் சின்னக் கடைகளில் வேலை செய்த பெண்கள், கழிப்பறை இல்லை என்ற பிரச்சினையில்தான் முதலில் கூடினார்கள். தையல் தொழிலாளியான பி.விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு அது. அங்கிருந்து உட்காரும் உரிமைக்குப் போனார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. மூன்று ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாடும் செய்தது. அவர்களும் ஒரு கடைக்கு இரண்டு மூன்று பேராக இருந்தவர்கள்தான். தெரு முழுக்கச் சேர்ந்தபோது எண்ணிக்கை வந்துவிட்டது.

நம் ஊரில் சலூன் அண்ணன்களிடமே இதைக் கற்கலாம். ஒரு சங்கம், ஒரு கட்டணப் பட்டியல், வாரத்தில் ஒரு நாள் லீவு. ஒரு பார்லர் மட்டும் மூடினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். எல்லோரும் மூடினால் மறுநாள் வருவார். செவ்வாய்க்கிழமை முடி வெட்ட முடியவில்லை என்று ஊரில் யாரும் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வாடிக்கையாளர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்களுக்கு ஃபேஷியல் செய்யும் பெண் உட்கார்ந்துகொண்டு செய்தால், அதை மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். பத்து ரூபாய் கூடக் கேட்டால், அந்தப் பத்து ரூபாய் எங்கே போகிறது என்று கேளுங்கள். கேட்பது தப்பில்லை, முதலாளிகளாகிய நாங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

என் கடையில் இப்போது இரண்டு ஸ்டூல் வந்துவிட்டது. ஆடி மாதத்துக்கும் முழுச் சம்பளம் என்று முடிவு செய்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் வருகிறேன் என்று போன் செய்தாள். வரும்போது ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். "எதுக்குக்கா?" என்றாள். இ.எஸ்.ஐ.யில் உன் பேரைச் சேர்க்கத்தான் என்றேன்.